பெண் பார்க்கும் முன் ரத்தம் பார்க்கலாமா? (தலசீமியா, சொந்தத்தில் கல்யாணம், பிறவிக் குறைகள்)

மழைக்கால டீச்சர் · ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அண்ணனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண் வெளியில் இல்லை, அப்பாவின் கூடப்பிறந்த அத்தையின் மகள்தான். டிக்கோயாவில் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே "அவனுக்கு இவள்" என்று சொல்லி வைத்தது. பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று பூசாரி சொல்லிவிட்டார். அம்மா பரிசம் போட நாள் பார்க்கிறார்.

என் வயிற்றைக் கலக்குவது வேறு விஷயம். பெண்ணின் அண்ணனுக்கு ஒரு ஆண் பிள்ளை, நான்கு வயது. தலசீமியா, உடம்பில் ரத்தம் ஒழுங்காக ஊறாத பரம்பரை நோய். மாதம் ஒரு தடவை ரத்தம் ஏற்றக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பிறந்தபோது கொழுகொழு என்று இருந்தவன். எட்டாம் மாதத்தில்தான் வெளிறிப்போய்ச் சோர ஆரம்பித்தான். முதலில் கண்ணூறு என்றார்கள், மந்திரித்தார்கள். இப்போது அத்தை, "மருமகள் கொண்டுவந்த சீக்கு, எங்க வம்சத்துல இது கிடையாது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்த அண்ணி பதில் பேசுவதில்லை.

அண்ணனும் பெண்ணும் கல்யாணத்துக்கு முன் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "நல்ல காரியம் பேசும்போது ஆஸ்பத்திரி பேச்சு எதுக்கு?" என்று அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் கேட்டதில் தப்பு இருக்கிறதா? எந்தப் பரிசோதனை, எங்கே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கங்காணி · ஞாயிறு, இரவு 10.02

டீச்சர், படிச்ச பிள்ளை, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாத்தா மாமன் மகளைக் கட்டினார், அப்பா அத்தை மகளைக் கட்டினார், நானும் மாமன் மகளைத்தான் கட்டினேன். எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள், ஆறும் கல்லுமாதிரி. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்றுதான் பெரியவர்கள் அப்படிச் செய்தார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் ரத்தம், ஸ்கேன். ரத்தத்தில் ஒன்று வந்துவிட்டால் அந்தப் பெண்ணை அப்புறம் யார் கட்டுவார்கள்? அதையும் யோசியுங்கள்.

நைட் டியூட்டி மிஸி · திங்கள், காலை 6.40

வார்ட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன், தேத்தண்ணி குடித்துக்கொண்டே எழுதுகிறேன். டீச்சர், நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

முதலில் அந்த அண்ணி விஷயம். தலசீமியா பெரும் நோயாக ஒரு பிள்ளைக்கு வர வேண்டுமென்றால் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணு வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் வராது, பிள்ளை காவியாக மட்டும் இருக்கும். ஆகவே உங்கள் அத்தையின் மகனும் காவிதான், சந்தேகமே இல்லை. அவருக்கு அது வானத்திலிருந்து விழவில்லை. அத்தை அல்லது மாமா, இருவரில் ஒருவராவது காவி. "எங்க வம்சத்துல கிடையாது" என்று சொல்கிற வாய்க்குச் சொந்தக்காரரே காவியாக இருக்கலாம்.

இப்போது கணக்குப் பாருங்கள். பெண்ணின் தாய் தகப்பனில் ஒருவர் காவி என்றால் பெண் காவியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அந்தக் காவி அத்தை என்றால், கூடப்பிறந்த உங்கள் அப்பாவுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்பா காவி என்றால் உங்கள் அண்ணனுக்கும் உங்களுக்கும் ஆளுக்கு இரண்டில் ஒன்று. அதனால்தான் உங்கள் வீட்டில் இந்தப் பரிசோதனை அவசியம் என்கிறேன். நாளைக்கே செய்யுங்கள்.

பரிசோதனை பெரிய காரியம் இல்லை. முதலில் சாதாரண முழு ரத்தக் கணக்கு, நாங்கள் எஃப்.பி.சி. என்போம். அதில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் அளவு. அது 80க்குக் கீழே இருந்தால், அல்லது எம்.சி.எச்., அதாவது ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின், 27க்குக் கீழே இருந்தால், அடுத்தது எச்.பி.எல்.சி., ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கிற பரிசோதனை. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த இரண்டாவதைச் செய்வதில்லை, ரத்தம் எடுத்துப் பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். அதில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகக் காவி. உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே பிள்ளை இருப்பதால், எம்.சி.வி. எப்படி இருந்தாலும் எச்.பி.எல்.சி. செய்யச் சொல்லிக் கேளுங்கள். நம் நாட்டில் ஹீமோகுளோபின் இ என்ற இன்னொரு வகையும் உண்டு. ஒருவர் பீட்டா (இதுவரை சொன்ன வகை) காவி, மற்றவர் இ காவி என்றாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். எனவே இரண்டு பேரும் பார்க்க வேண்டும்.

குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது, பதுளையிலும் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் நேரே ஓட வேண்டியதில்லை. உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபீஸில் கேட்டாலே எங்கே ரத்தம் கொடுப்பது என்று சொல்லுவார்கள்.

டோஹா மலை · திங்கள், பகல் 12.20

மிஸி, எனக்கு இங்கே மெடிக்கலில் ரத்தம் குறைவு என்றார்கள். ஊரில் இருந்தபோதும் அதையேதான் சொன்னார்கள், இரும்பு மாத்திரை மூன்று வருசம் விழுங்கினேன், ஏறவே இல்லை. எனக்கும் இதுவாக இருக்குமா?

நைட் டியூட்டி மிஸி · திங்கள், பகல் 12.55

இருக்கலாம் தம்பி. காவிகளில் பலர் இப்படித்தான் வருசக்கணக்கில் இரும்பு விழுங்குகிறார்கள், ஏனென்றால் இரும்புக் குறைவு, காவி இரண்டிலும் சிவப்பணு சின்னதாகத்தான் தெரியும். ஃபெரிட்டின் பாருங்கள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது காட்டும். அது நன்றாக இருந்தும் எம்.சி.வி. குறைவு என்றால் எச்.பி.எல்.சி. வேண்டும். மாறியும் நடக்கும்: உண்மையிலேயே இரும்பு குறைவாக இருக்கும்போது ஏ2 அளவு கீழே இறங்கி, காவி என்பதே மறைந்துபோகும். அப்போது இரும்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருக்கிற யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான்.

மழைக்கால டீச்சர் · திங்கள், இரவு 8.10

நன்றி மிஸி. ஒன்று மட்டும் புரியவில்லை. இரண்டு பேரும் காவி என்றால் நான்கில் ஒரு பிள்ளைக்கு வரும் என்கிறார்கள். அத்தை வீட்டில் முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, "இனி அடுத்த மூணும் நல்லா இருக்கும், டாக்டரே சொன்னார்" என்று அந்த அண்ணன் சொல்கிறார்.

நைட் டியூட்டி மிஸி · செவ்வாய், காலை 7.05

ஐயோ, அது இல்லை. இதை வார்ட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றியை எடுத்து ஒன்றாகச் சுண்டிப் பாருங்கள். இரண்டும் பூ விழுந்தால் நோய். ஒன்று பூ, ஒன்று தலை என்றால் காவி. இரண்டும் தலை என்றால் ஒன்றுமில்லை. அடுத்த தடவை சுண்டும்போது போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்குத் தெரியுமா? ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகச் சுண்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் நோய்க்கு 25 சதவீதம், காவிக்கு 50, எதுவும் இல்லாததற்கு 25. வரிசையாக மூன்று பிள்ளைக்கும் வந்த குடும்பமும் எனக்குத் தெரியும், ஒன்றுக்கும் வராத குடும்பமும் தெரியும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கருவில் இருக்கும்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு தெரிந்துகொள்கிற பெற்றோர் முன்னால் இருக்கிற வழிகள் குறைவு. கல்யாணத்துக்கு முன்பே பார் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவது அதனால்தான்.

ஆறாங்கட்டை அப்பா · செவ்வாய், இரவு 9.30

பேச்சு ரத்தத்திலேயே போகிறது, நான் காலைப் பற்றிச் சொல்கிறேன். என் மகன் பிறந்தபோது இரண்டு பாதமும் உள்ளே மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. என் மாமியார், "வயித்துல இருக்கும்போது அப்பன்காரன் கோழிக் காலை முறிச்சான்" என்று சொன்னார். (முறித்தது உண்மைதான். கிடா விருந்துக்குக் கூப்பிடாத கோபம் அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.)

பதினோராம் நாளில் கிளினிக்குக்குப் போனோம். பொன்செட்டி முறை என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. வாரம் ஒரு தடவை டாக்டர் பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பிப் பிடிப்பார், அப்படியே தொடை வரை மாக்கட்டு. அடுத்த வாரம் கட்டைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறு கட்டு. வெந்நீரில் ஊறவைத்துக் கட்டைக் கழற்றும்போது அந்தச் சின்னக் கால் வெள்ளைவெளேர் என்று, தோல் உரிந்து, மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கும். ஆறு கட்டு போட்டார்கள். கடைசியில் குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பைச் சின்னதாக வெட்டி, மூன்று வாரம் ஒரு கட்டு. நரம்பு என்று நாங்கள் சொல்வது, டாக்டர் அதைத் தசைநாண் என்று திருத்தினார்.

இதுவரை சுலபம். கஷ்டம் அதற்கப்புறம்தான். இரண்டு சப்பாத்தையும் ஒரு கம்பியில் இணைத்துத் தருவார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம் போட்டிருக்க வேண்டும். அப்புறம் நான்கு வயது வரைக்கும் இரவு முழுவதும், பகல் தூக்கத்திலும். நானும் மனைவியும் வேலைக்குப் போனதும் பிள்ளை அழுகிறான் என்று பாட்டி கழற்றிவிடுவார், நாங்கள் வரும் நேரத்துக்குப் போட்டுவிடுவார். எட்டு மாதத்தில் வலது கால் திரும்ப மடங்கியது. மறுபடி நான்கு கட்டு. ஒவ்வொரு கிளினிக்குக்கும் மனைவிக்கு ஒரு நாள் பேர் (நாட்கூலி) போனது.

இப்போது ஏழு வயது, பாடசாலையில் ஓட்டப் போட்டியில் ஓடுகிறான். கடைசியாக வருகிறான், அது காலால் இல்லை, வழியில் நின்று எல்லோருக்கும் கை காட்டுகிறான். இது பரம்பரையா என்று கேட்டேன். பெரும்பாலும் காரணம் தெரியாது, குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்றார்கள். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படிப் பிறக்கிறதாம். கோழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டேன், டாக்டர் சிரித்துவிட்டார்.

பசறை மலர் · செவ்வாய், இரவு 10.45

கோழிக்கே இப்படி என்றால் எனக்குக் கிரகணம். 2019 டிசம்பர் 26, காலையில் சூரிய கிரகணம். யாழ்ப்பாணம் பக்கம் வளையமாகத் தெரிந்தது, நம் பக்கம் பிறை மாதிரி. நான் ஆறு மாதம் தாண்டிய கர்ப்பிணி. வெளியே போகாதே என்றார்கள், போகவில்லை. ஆனால் பசித்தது, ஒரு பலாக்காயை வெட்டினேன். 2020 மார்ச் தொடக்கத்தில் மகள் பிறந்தாள், மேலுதடு பிளந்து. அந்தப் பலாக்காயைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள்.

என்னை அந்தப் பாரத்திலிருந்து இறக்கிவிட்டது ஒரு மிட்வைஃப் மிஸ். கிளினிக் கொப்பியை விரித்து வைத்து விரலால் எண்ணிக் காட்டினார். பிள்ளையின் உதடு இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து இரண்டாம் மாதத்துக்குள் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அண்ணமும் மூன்று மாதம் முடிவதற்குள் மூடிவிடும். "நீங்க கத்தியைத் தொட்டது டிசம்பர்ல. இது நடந்தது ஜூலை, ஆகஸ்ட்ல. அப்ப கிரகணம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் மாமியார் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பால் குடிக்கத்தான் சிரமப்பட்டாள். உதடு மட்டும் என்பதால் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, விரலால் பிளவை மூடிக்கொண்டு தாய்ப்பாலே கொடுத்தேன். அண்ணமும் பிளந்திருந்தால் அது முடியாது, கறந்து கரண்டியாலோ அதற்கென்று உள்ள போத்தலாலோ கொடுக்க வேண்டும். உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் தையல் போடுவது வழக்கம். எங்களுக்கு மார்ச் 20இல் ஊரடங்கு வந்து எல்லாம் தள்ளிப்போனது, பத்து மாதத்தில்தான் நடந்தது. இப்போது மூக்குக்குக் கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். அடுத்த பிள்ளைக்கு வருமா என்று கேட்டேன். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை வாய்ப்பு என்றார்கள். அடுத்தவன் ஒன்றும் இல்லாமல் பிறந்தான். அவன் வயிற்றில் இருந்தபோது நான் தினமும் காய் வெட்டினேன்.

பழைய கங்காணி · புதன், காலை 5.50

எல்லாம் படித்தேன். கிரகணம் சரி, நான் நம்புவதில்லை. சொந்தத்தில் கட்டியதால் என் பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நைட் டியூட்டி மிஸி · புதன், காலை 8.15

சொல்கிறேன் ஐயா. உறவே இல்லாத இரண்டு பேர் கட்டினாலும் நூறு பிள்ளையில் இரண்டு மூன்று பிள்ளை ஏதாவது பெரிய பிறவிக் குறையோடு பிறக்கும். மாமன் மகள், அத்தை மகன் கட்டினால் அது நான்கு முதல் ஆறு வரை ஆகலாம். அதாவது நூறில் தொண்ணூற்று நான்கு பிள்ளை நன்றாகவே பிறக்கும். உங்கள் ஆறு பிள்ளைகளும் அந்தத் தொண்ணூற்று நான்கில் இருக்கிறார்கள், சந்தோஷம்.

ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நோய் தெரிந்திருந்தால் இந்தப் பொதுக் கணக்கு செல்லாது. டீச்சர் வீடு அப்படித்தான். மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறார்கள், ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்தது. தாய்மாமன் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டினால் இன்னும் கூடும்.

பழைய கங்காணி · புதன், இரவு 7.20

தாய்மாமன் என்று எழுதினதால் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் எங்கேயும் சொன்னதில்லை.

என் தங்கச்சியை எங்கள் அம்மாவின் தம்பிக்குத்தான் கட்டிக் கொடுத்தோம். கோயிலில் தாலி கட்டியது. பதிவு செய்யப் போனபோது விவாகப் பதிவாளர் உறவு கேட்டார். சொன்னோம். பேனாவை மூடி வைத்துவிட்டார். அக்கா மகளைக் கட்டுவது 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி செல்லாது, எழுத முடியாது என்றார். மாமன் மகள், அத்தை மகள் என்றால் தடையில்லை, தாய்மாமன் கூடாது. இந்தியாவில் வழக்கமாயிற்றே என்றேன். இது இலங்கை என்றார். திரும்பி வந்துவிட்டோம், பதிவில்லாமலே வாழ்ந்தார்கள். அவர் செத்த பிறகு கல்யாணச் சான்றிதழ் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான்தான் கூடப் போய்ப் பார்த்தேன்.

அவர்களுக்கு மூன்று பிள்ளை. இரண்டுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அது இதனால்தானா என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நைட் டியூட்டி மிஸி · புதன், இரவு 9.00

ஐயா, அதனால்தானா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வேறு காரணமும் உண்டு, கர்ப்பத்தில் ருபெல்லா வந்தாலும் அப்படி ஆகும். தடுப்பூசியால் 2020இல் நம் நாடு ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனமே உறுதிப்படுத்தியது. உங்கள் தங்கச்சி பிள்ளைகள் அதற்கு முந்தைய காலம். ஆனால் நெருங்கிய சொந்தத்தில், இரண்டு பிள்ளைக்கும் என்றால் பரம்பரையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைகள் இப்போது கல்யாண வயதில் இருந்தால், சொந்தத்திலேயே பார்க்காதீர்கள். கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது, அங்கே ஆலோசனை கேட்கலாம்.

கூடலூர்க்காரன் · வியாழன், காலை 11.10

நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா மஸ்கெலியாவில் பிறந்தவர். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் இங்கேயும் கொழுந்துதான் பறித்தார்கள். தாத்தாவின் இரண்டு தம்பிகள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் தங்கை கர்ப்பமாக இருந்தபோது டாக்டர் கேட்டார், "குடும்பத்தில் யாருக்காவது ரத்த நோய், காது, இருதயம், சின்ன வயதில் இறந்த பிள்ளை?" நாங்கள் முழித்தோம். பாதிக் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம். அப்புறம் வாட்ஸ்அப்பில் தேடிப்பிடித்து, தாத்தாவின் தம்பி பேரன் ஒருவனோடு பேசினேன். பொகவந்தலாவையில் இருக்கிறான். அவனுடைய அக்கா பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னான். எங்களுக்கு அதுவரை தெரியாது. தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் உடனே பார்த்தோம். தங்கை காவி, மாப்பிள்ளை இல்லை. மூச்சு வந்தது.

கல்யாணத்துக்கு, கருமாதிக்கு மட்டும்தான் இரண்டு கரையும் பேசிக்கொள்கிறது. பேசும்போது இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மட்டுறுத்துநர் · வியாழன், பகல் 1.30

தலசீமியாவை 41 நாளில் வேரோடு அறுக்கும் சூரணம் என்று ஒருவர் தொலைபேசி எண்ணோடு போட்ட பதிவை நீக்கியிருக்கிறோம். திரும்பப் போட்டால் கணக்கையும் நீக்குவோம். தொடருங்கள்.

லிந்துலை தங்கச்சி · வியாழன், மாலை 4.05

அக்காவுக்கு டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை பிறந்திருக்கிறது, ஆறு மாதம். எனக்கு இப்போது மூன்று மாதம். எல்லோரும் என் வயிற்றையே பார்க்கிறார்கள். எனக்கும் அப்படி ஆகுமா?

நைட் டியூட்டி மிஸி · வியாழன், மாலை 4.40

மூச்சு விடுங்கள் தங்கச்சி. டவுன் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக வந்துவிடுகிறது, நூற்றில் 95 பேருக்கு இது தற்செயலாக நடப்பது. தாயின் வயது ஏற ஏறக் கூடும்: 25 வயதில் ஏறக்குறைய 1,200இல் ஒன்று, 40இல் நூற்றில் ஒன்று. சில பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அது குடும்பத்தில் ஓடக்கூடும். உங்கள் அக்கா பிள்ளைக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்திருப்பார்கள், அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு உங்கள் கிளினிக் டாக்டரிடம் காட்டுங்கள். அதில் தெரிந்துவிடும்.

அக்காவிடம் சொல்லுங்கள், பிள்ளைக்கு இருதய ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா என்று. கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகளுக்கு இருதயத்தில் ஏதாவது இருக்கும். தைராய்டும் காதும் பார்க்க வேண்டும்.

தைராய்டு என்றதும் நினைவு வருகிறது. எந்தப் பிள்ளை பிறந்தாலும் குதிகாலில் குத்தி, தாளில் நான்கு சொட்டு ரத்தம் எடுப்பதைத் தடுக்காதீர்கள். பச்சைப் பிள்ளையைக் குத்துகிறார்கள் என்று சண்டை பிடிக்கிற பாட்டிமார் நிறைய. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி தப்பும். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

டோஹா மலை · வியாழன், இரவு 11.50

எனக்கும் அடுத்த வருசம் கல்யாணம் மிஸி. ஃபோலிக் மாத்திரை எப்போது?

நைட் டியூட்டி மிஸி · வெள்ளி, காலை 6.30

கல்யாணம் முடிந்த கையோடு. உங்களுக்கு இல்லை, மனைவிக்கு! பிள்ளையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவாகி 28 நாளில் மூடிவிடும். மாதம் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும். தெரிந்த பிறகு தொடங்கினால் பஸ் போன பிறகு கை காட்டுகிற கதை. நாளுக்கு 400 மைக்ரோகிராம். குடும்பநல மாதுவிடம் புதுத் தம்பதி என்று பதிந்தால் இலவசமாகவே தருவார்கள். மனைவி வலிப்புக்கு வல்ப்ரோவேட் எடுப்பவர் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது, அது அதைவிட ஆபத்து. கசிப்பு, பியர் எதுவும் கர்ப்பிணி தொடக் கூடாது, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாய் · வெள்ளி, இரவு 10.15

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் தலசீமியா பிள்ளை, மகள், பதினொரு வயது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம். ரத்தம் ஏற்றுவது மட்டும் என்று வெளியில் நினைக்கிறார்கள். ஏற்றுகிற ஒவ்வொரு பையிலும் இரும்பு இருக்கிறது, அது இருதயத்திலும் ஈரலிலும் போய்ப் படிகிறது. அதை இறக்க, முன்பு ஒவ்வொரு இரவும் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு ஊசி, ஒரு சின்ன மெஷின், பத்து மணித்தியாலம். லயத்தில் ஒரே காம்பரா (அறை). லைட்டை அணைத்த பிறகும் அவள் புரண்டு படுத்துவிடுவாளோ என்று நான் விழித்திருப்பேன். இப்போது கரைத்துக் குடிக்கிற மாத்திரை தருகிறார்கள், தினமும். கிடைக்காத மாதங்களும் உண்டு.

கிளினிக்கில் தாளில் எழுதித் தருவதெல்லாம் சிங்களத்தில். முதல் ஒரு வருசம் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தெரியாமல் கொடுத்திருக்கிறேன். இப்போது மகளே வாசித்துச் சொல்கிறாள்.

டீச்சர், உங்கள் அத்தை வீட்டு மருமகள் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் நான்கு வருசம் பேசவில்லை.

மழைக்கால டீச்சர் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். எச்.பி.எல்.சி. அறிக்கை வியாழக்கிழமைதான் வந்தது.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, இந்த இழை. உரக்க வாசித்துக் காட்டினேன். பழைய கங்காணி ஐயாவின் தங்கச்சி கதை வந்ததும் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாருமே போவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு நாங்கள் நால்வரும், டிக்கோயாவிலிருந்து அத்தையும் மகளும், ஒரே வேனில் போனோம். அத்தை வழி முழுக்க, "எனக்கு எதுக்கு, எனக்கு எதுக்கு?" என்றார்.

அப்பா காவி. வாழ்க்கை முழுக்க அவருக்கு "ரத்தம் குறைவு", எம்.சி.வி. 66. அண்ணன் காவி. நானும் காவி. அம்மா காவி இல்லை. அத்தை காவி. பெண்ணுக்கு எதுவும் இல்லை, ஏ2 2.6, இ வகையும் இல்லை. அண்ணனும் அவளும் தாராளமாகக் கட்டலாம், பிள்ளைகள் காவியாகப் பிறக்கலாம், நோய் வராது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். பரிசம் ஆவணியில்.

அறிக்கையை வாங்கிக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனோம். அந்த அண்ணி அடுப்படியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, பேசினாரா என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணி வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்தார். அத்தைதான் அடுப்படியிலிருந்து தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தார். முதல் கோப்பையை அண்ணிக்கு நீட்டினார்.

என் அறிக்கையை ஜாதகத்தோடு சேர்த்து ஒரே பையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் தலவாக்கலையிலிருந்து ஒரு வீட்டில் பார்க்க வருகிறார்களாம். அவர்களிடம் எந்தப் பேப்பரை முதலில் எடுப்பது என்று அம்மா கேட்கிறார்.